வாய் மூடும் இடங்கள்

அக்டோபர் 3, செவ்வாய்

எழுதி வைக்கச் சொன்னது டாக்டர். எனக்கு நாட்குறிப்பு எழுதும் பழக்கமெல்லாம் கிடையாது. அடுத்தவர் வாயில் வார்த்தை வைப்பதுதான் என் பிழைப்பு. முப்பது வருடமாக டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுகிறேன். சொந்தமாக எழுத என்ன இருக்கிறது? மனைவி புளோராவுக்காக எழுதுகிறேன்.

மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி, ஆறு வேளை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைத்தோம். கழுத்துக் குழாயில் நான்கு முறை சளி எடுத்தோம். காய்ச்சல் இல்லை.

பக்கவாதம் வந்து இருபத்து நான்கு நாள் ஆகிறது. அன்று காலை நான் ஸ்டூடியோவுக்குக் கிளம்பும்போது, "மழ வர்ற மாதிரி இருக்கு, குடைய எடுத்துக்கோப்பா" என்றாள். என் மனைவி முழுதாகச் சொன்ன கடைசி வாக்கியம் அது. திரும்பி வந்தபோது சமையலறைத் தரையில் கிடந்தாள். வலது கை, வலது கால், முகத்தின் வலது பாதி எதுவும் அசையவில்லை. மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். காற்று அதன் வழியே போய்விடுவதால் சத்தம் வராது. உதட்டின் இடது பாதி மட்டும் அசைகிறது. எதைக் கேட்டாலும் தலையாட்டுகிறாள். இடது கையில் பேனாவைக் கொடுத்தேன், பிடிக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார். இன்னொரு முறை வந்தால் தாங்க மாட்டாள். அது எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

நேற்றிலிருந்து ஒரே ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள், சத்தமில்லாமல். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அதைப் போனில் படம் பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறாள். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் அஞ்சுகம் பிடித்தாள். பண்ருட்டிப் பக்கத்துக்காரி, பேச்சில் ஒளிவுமறைவு கிடையாது.

"என்ன சார் கேக்குறாங்க?"

"அப்பா" என்றேன்.

என் மாமனார் போதகராக இருந்தவர், காலமாகி இருபது வருடம் ஆகிறது. முடியாத நேரத்தில் தகப்பனைத் தேடுவது இயற்கைதானே. வாயைப் பார்த்து வார்த்தையைச் சொல்வதில் இந்த ஊரில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அக்டோபர் 5, வியாழன்

தனபால் கூப்பிட்டான். நானும் அவனும் ஒன்றாகத் தொழிலுக்கு வந்தவர்கள். இப்போது அவன் ஒரு டப்பிங் நிறுவனத்தைக் கவனிக்கிறான், அவன் தரும் வேலையை நான் செய்கிறேன்.

"ஆசீர், வீட்ல இருந்தே பண்ற மாதிரி ஒரு வேல. பழைய கௌபாய் படம். வசனம் முடிஞ்சிடுச்சு. பாட்டு ஒண்ணு இருக்கு. சானல்காரன் அதையும் தமிழ்ல கேக்கறான். உன்ன விட்டா எவனுக்கு லிப் உட்காரும்?"

திரையில் அசையும் வாய்க்கு வார்த்தை பொருந்துவதைத்தான் லிப் உட்காருவது என்போம். படத்தைப் பார்த்தேன். தூசி, குதிரை, துப்பாக்கி. கடைசிக் காட்சிக்கு முன் வருகிறது பாட்டு. வீட்டை விட்டு ஓடிய மகன், தலை நரைத்துத் திரும்பி வந்து, அப்பாவின் பண்ணை வாசல் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று பாடுகிறான். உள்ளே போகவில்லை. ஒரே ஒரு கிடார். இளம் வயதில் அவன் ஒரு குதிரையைத் திருடிவிட, பண்ணையில் வேலை செய்த லூக் என்பவன்தான் திருடினான் என்று பிடித்து மரத்தில் தூக்கிலிடுகிறார்கள். இவன் கூட்டத்தில் நின்று பார்க்கிறான், வாய் திறக்கவில்லை. அதைத்தான் இப்போது அப்பாவிடம் சொல்கிறான்.

குரல் நல்ல குரல். அழுகையைக் காட்டிக்கொள்ளாமல் பாடியிருக்கிறான். குதிரைத் திருடனுக்கு இவ்வளவு உருக்கம் தேவையா என்று தோன்றியது. நான்கு தடவை கேட்டேன்.

அக்டோபர் 6, வெள்ளி

காய்ச்சல் 99.8. பிறகு குறைந்தது.

அக்டோபர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து சபையிலிருந்து நான்கு பேர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார்கள். ஒரு அம்மா, "மகளுக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்டார். பெங்களூரில் வேலை, லீவு கிடைப்பது கஷ்டம் என்றேன்.

அவர்கள் போனதும் அஞ்சுகம் விடவில்லை.

"ஒங்களுக்குப் பொண்ணு இருக்குதா சார்? நான் வந்து பத்து நாளாவுது, ஒரு வார்த்த சொல்லலியே."

"மேல சீலிங் ஃபேன் சத்தம் போடுது பார், எண்ணெய் விடணும்" என்றேன். விட்டேன். இப்போது சத்தம் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

பாட்டு ஓடத் தொடங்கிவிட்டது.

ஏறி வந்தது என் குதிரை இல்லை
ஏற்றிய மரத்தில் என் கழுத்து இல்லை
லூக் என்னைப் பார்த்தான், நான் தொப்பியைப் பார்த்தேன்
விழுங்கி விட்டேன் அந்த ஒற்றைச் சொல்லை

மூன்றாவது வரி மூலத்தில் இப்படி இல்லை. அங்கே 'என் கண்கள் தரையில் இருந்தன' என்கிற மாதிரி ஏதோ வருகிறது. தொப்பி என்றால் ப-வுக்கு வாய் மூடும், லிப் உட்காரும். அதற்காக மாற்றினேன். வேறு காரணம் இல்லை.

கடைசி வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். 'பாப்பா' என்று முடிக்கிறான். அவர்களுக்கு அது அப்பா. திரை முழுக்க முகம். வாய் இரண்டு தரம் மூடித் திறக்கிறது. எங்கள் தொழிலில் முதலில் குறித்துக்கொள்வது வாய் மூடும் இடங்களைத்தான். ப வந்தாலும் ம வந்தாலும் உதடு மூடியே தீரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், வித்தியாசம் காதுக்கு மட்டும். தமிழில் 'அப்பா' என்று வைத்தால் வாய் திறந்து தொடங்குகிறது, ஒரே ஒரு தரம்தான் மூடுகிறது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

'போப்பா'. துரத்துகிற மாதிரி இருக்கிறது. 'பாரப்பா'. பரவாயில்லை. வந்து நிற்கிறேன், பாரப்பா.

புளோராவுக்கு முதுகில் சிவந்திருக்கிறது. படுக்கைப் புண் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அக்டோபர் 12, வியாழன்

தனபால் சாத்துக்குடியோடு வீட்டுக்கே வந்துவிட்டான். கட்டிலருகே நின்று, "என்ன சிஸ்டர், இப்பிடிப் படுத்துட்டீங்க" என்றான். பாட்டைப் படித்துக் காட்டினேன்.

"பிரமாதம். ஆனா அப்பாகிட்ட எவன்யா அழுவான்? அம்மான்னு மாத்திடு. ஜனம் கரைஞ்சிடும்."

"அங்க நிக்கிறது அப்பாடா. படத்துல தாடியோட ஒக்காந்திருக்காரு."

சிரித்துவிட்டு, சரி பாரப்பாவே இருக்கட்டும் என்றான். அவன் இருந்த நேரம் முழுக்கப் புளோரா அதே வார்த்தையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துச் சொன்னாள். நாடித் துடிப்பு 130க்குப் போய்விட்டது. இடது கையால் கழுத்துக் குழாயைப் பிடித்து இழுத்தாள். அஞ்சுகம் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள்.

"அந்த ஆள் வந்ததும்தான் சார் இப்பிடி" என்றாள், அவன் போன பிறகு.

வெக்கை. மின்விசிறி போதவில்லை.

அக்டோபர் 14, சனி

பாரப்பாவைத் திரையோடு வைத்துப் பார்த்துச் சரிசெய்துவிட்டு, அதே கண்ணோடு கட்டில் பக்கம் திரும்பினேன். புளோரா சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு இரண்டு தரம் மூடுகிறது.

பன்னிரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்பா என்றால் ஒரு தரம்தானே மூட வேண்டும்? பாதி உதடுதானே என்று விட்டுவிட்டேன் போலிருக்கிறது. மாமா, பாப்பா இரண்டில் ஒன்று. அவளுக்கு மாமன்மார் கிடையாது.

மகள் ஷெரினை நான் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன்.

"அப்ப ஒங்க பொண்ணத்தான் கேக்குறாங்க" என்றாள் அஞ்சுகம். "போன் போடுங்க சார். எதுக்கு ஒக்காந்துகினு இருக்கீங்க?"

திங்கட்கிழமை போடலாம்.

அக்டோபர் 16, திங்கள்

போன் போடவில்லை. எண் இருக்கிறது. புளோராவின் போனில் 'ஷெரின்' என்றே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பேசியிருக்கிறார்கள், நான் கோயிலில் காணிக்கை எண்ணிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து. பக்கவாதத்துக்குப் பிறகு அந்த எண்ணிலிருந்து முப்பத்தொரு அழைப்புகள் வந்ததாகச் செய்திகள் இருக்கின்றன. போனை அணைத்து பீரோவில் வைத்திருந்தது நான்தான். நோயாளிக்குச் சத்தம் ஆகாது.

அக்டோபர் 18, புதன்

இதையும் எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை.

ஷெரினும் டப்பிங்தான் பேசினாள். என்னைவிட நல்ல கண் அவளுக்கு. ஒன்பது வருடம் முன், அவளுக்கு இருபத்து மூன்று வயது, ஒரு படத்தில் கதாநாயகிக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நான் வசனம், தனபால் பொறுப்பு. ஒருநாள் மதியம் அவள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் தனபால் மீது டப்பிங் கலைஞர்கள் சங்கத்தில் புகார் கொடுத்தாள். குரல் பதிவு அறைக்குள் வந்து தவறாக நடந்துகொண்டான் என்று.

சங்கத்தில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தது நான் மட்டும்தான் என்பதால். 'எதுவும் கேட்கவில்லை' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அது பொய் இல்லை. அந்த அறையிலிருந்து சத்தம் வெளியே வராது, மைக்கும் அணைந்திருந்தது. புகார் அதோடு போயிற்று. அவளுக்கு வேலை கொடுப்பதையும் எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

வீட்டில் கத்தினாள். "வாய மூடு" என்றேன். மூடிக்கொண்டாள். ஒரு வாரத்தில் பெங்களூருக்குப் போய்விட்டாள்.

புளோரா என்னிடம் ஒரே ஒருமுறைதான் கேட்டாள். "நீ அங்கதான இருந்த. என்ன பாத்த?" சோறு போடு என்றேன். போட்டாள்.

அக்டோபர் 20, வெள்ளி

முதுகில் புண் வந்துவிட்டது. மருந்து வைக்கும்போது புளோராவின் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அப்போதும் அதே வார்த்தையைச் சொன்னாள். அஞ்சுகம் பஞ்சைக் கீழே போட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுந்து போய் ஷெரினுக்குப் போன் போட்டேன்.

"அம்மா?" என்று எடுத்தாள். புளோராவின் எண் அல்லவா.

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். எப்போது விழுந்தாள், டாக்டர் என்ன சொன்னார் என்று.

"நாப்பத்தோரு நாள்" என்றாள். "நாப்பத்தோரு நாளா என்கிட்ட சொல்லல."

"உன்னத்தான் கேக்கறா. பாப்பா, பாப்பான்னு."

"நாளைக்குச் சாயங்காலம் வந்துடறேன். அம்மாவுக்காக வரேன். நீங்க என்கிட்ட பேச வேண்டாம்."

புளோராவின் காதருகே போய், ஷெரின் வருகிறாள் என்றேன். கண்ணை மூடித் திறந்தாள். அழகாக இருந்தாள். பிறகு மறுபடியும் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதான் வருகிறாளே, இன்னும் என்ன என்று கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

அக்டோபர் 21, சனி

பாட்டுப் பதிவு காலை பத்து மணிக்கு. நான் இல்லாமல் நடக்காது என்று தனபால் சொல்லியிருந்தான். ஷெரின் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று போனேன். பாடகர் மற்ற வரிகளை எளிதாகப் பாடிவிட்டார். பாரப்பா மட்டும் ஒன்பது டேக். பதிவறையில் போனை அணைத்து வைக்க வேண்டும்.

வெளியே வந்து போட்டால் அஞ்சுகத்திடமிருந்து பதினோரு அழைப்புகள். கடைசி அழைப்பு 11.20.

நான் வீட்டுக்குப் போனபோது அஞ்சுகம் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டு, முகத்தைத் துடைத்து, தாடையைத் துணியால் கட்டியிருந்தாள். வாய் மூடியிருந்தது.

ஷெரின் ஆறரைக்கு வந்தாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

அடக்கம் மூன்று மணிக்கு. தனபால் பெரிய மாலையோடு வந்தான். அவன் படியேறும்போதே ஷெரின் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பெற்ற தாயின் பெட்டிக்குப் பக்கத்தில் அவளால் நிற்க முடியவில்லை. அவன் மாலையை வைத்துவிட்டு என் தோளில் கை போட்டான். கையை எடு என்று சொல்ல நினைத்தேன். கூட்டம் இருந்தது.

அவன் போன பிறகுதான் அவள் வெளியே வந்தாள். கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

அஞ்சுகம் இன்று ஊருக்குப் போகிறாள். கிளம்பும் முன் தன் போனிலிருந்த வீடியோக்களை ஷெரினுக்கும் எனக்கும் அனுப்பினாள். ஷெரின் மேசையில் போனை நிறுத்தி வைத்துப் பார்த்தாள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். நாலைந்து தரம் பார்த்தாள்.

"அம்மா என்னைப் பாப்பான்னு ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்ல" என்றாள், திரும்பாமல். "ஷெரின்னுதான் கூப்பிடுவாங்க. பாப்பா உங்க வார்த்த."

"ரெண்டு தரம் வாய் மூடுது. நானே எண்ணிப் பார்த்தேன்."

"மூடுறத மட்டும் எண்ணினீங்க. நடுவுல என்ன நடக்குதுன்னும் பாக்கணும்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான். பாப்பான்னா நடுவுல வாய் பெருசாத் தொறக்கணும். இங்க தொறக்கவே இல்ல. பக்கவாட்டுல இழுக்குது, அப்புறம் லேசாக் குவியுது, அப்புறம்தான் மூடுது."

போனை என் பக்கம் திருப்பினாள். வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாள். புளோராவின் பாதி உதடு மூடியது, இழுத்தது, குவிந்தது, மூடியது, திறந்தது.

"பேசுப்பா" என்றாள் ஷெரின்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அதை மறுபடி ஓடவிட்டேன்.

"என்னக் கூப்பிடல. உங்ககிட்டதான் சொல்லியிருக்காங்க. செத்துப்போறவரைக்கும் சொல்லியிருக்காங்க." அப்போதுதான் அவள் அழுதாள். அஞ்சுகம் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்து பக்கத்தில் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

"என்கிட்ட பேசி என்ன ஆகப்போகுது? எங்க பேசணுமோ அங்க பேசுங்க."

அக்டோபர் 25, புதன்

ஷெரின் காலை ரயிலில் போய்விட்டாள்.

பதினேழு வீடியோக்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு ஃப்ரேமாகப் பார்த்தேன். ஒன்றில்கூட பாப்பா இல்லை. இழுப்பும் குவிப்பும் எல்லாவற்றிலும் இருக்கிறது. வேறு யார் வாயாக இருந்தாலும் முதல் நாளே பிடித்திருப்பேன்.

தனபாலிடமிருந்து செய்தி: 'பாட்டு ஓகே ஆயிடுச்சு. லிப் கச்சிதம். சானல்ல எல்லாரும் அழுதாங்களாம்.'

ஒன்பது வருடம் முன் அந்த மதியம் நடந்தது இதுதான். மைக்கைச் சரிசெய்கிறேன் என்று தனபால் உள்ளே போனான். போகும்போதே என் பக்கத்திலிருந்த மைக் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனான். கதவு மூடிக்கொண்டது. அவன் அவளைச் சுவரோடு நெருக்கிப் பிடித்ததைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் தள்ளினாள். தள்ளிக்கொண்டே கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வாய் திறந்து, ஒரு தரம் மூடி, மறுபடி திறந்தது. அப்பா. எந்தச் சந்தேகமும் இல்லை. முழு உதடு, நல்ல வெளிச்சம்.

நான் கையிலிருந்த வசனத் தாளைப் பார்த்தேன்.

அவளே அவனைத் தள்ளிவிட்டு வெளியே வரும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

துக்க வீட்டில் செய்ய வேண்டிய சிலவற்றைச் சபையில் சொன்னார்கள், எதையும் செய்யவில்லை. மருத்துவக் கட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். மழை. குடையை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன்.

செயலாளர் இளைஞர், என்னைத் தெரியும். துக்கம் விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் பழைய கோப்பைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. நல்லவேளை, கரையான் அரிக்காமல் இருந்தது. என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"எதுவும் கேட்கவில்லைன்னு எழுதியிருக்கீங்களே சார்."

"கேக்கல. பாத்தேன்."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது வருஷம் ஆச்சு. தனபால் சார் இப்ப கமிட்டியில இருக்காரு. உங்களுக்கும் வேல போயிடும். வேணும்னா ஒரு கடுதாசியா எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாத்துக்கலாம்."

"எழுதியும் தரேன் தம்பி" என்றேன். "அதுக்கு முன்னாடி கமிட்டியில எல்லாரையும் கூப்பிடுங்க, அவனையும் சேத்து. நான் பேசணும்."

மதியம் இரண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எதிரே உள்ள டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணி ஒன்று ஐம்பது.